வேலிக்குள் ஒரு குளம்

துரைசானிக்கு வீட்டிலேயே நீச்சல் குளம் வேண்டுமாம். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் அந்த ஜூன் மாதம் முழுக்க இதே பேச்சு.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துரை குடும்பம் காரில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்விடும். இரண்டு பெண் பிள்ளைகளும் மாலையில் முகம் சிவந்து, தலைமயிரெல்லாம் மணலோடு திரும்பி வருவார்கள். பங்களாவில் ஆயாவாக இருந்த நீலாவதிதான் அந்த மணலைச் சீவி எடுப்பாள். ஏப்ரலில் அந்தச் சாலையில் ஒரு தோட்டத்துக் காரைக் காட்டுக்காரர்கள், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள், சுட்டுவிட்டார்கள். அன்றோடு கடற்கரை நின்றது. பிள்ளைகள் பங்களாவையே சுற்றிச் சுற்றி வந்து அழுதார்கள். இங்கே ஒரு குளம் வெட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளோடு கப்பல் ஏறிவிடுவேன் என்று துரைசானி சொல்லிவிட்டாள்.

துரை, ஆலையில் ரப்பர் பால் தொட்டிகள் கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். கொத்தனார் நல்லசாமி நீலாவதியின் கணவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை.

"மூணு விதமாக் கட்டலாம்," என்றான் நல்லசாமி, மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்தபடி. "கம்பி கட்டி கான்கிரீட் ஊத்துறது ஒண்ணு. அதுக்குச் சிரம்பான் காண்ட்ராக்டர் தவுக்கே வரணும். அவன் டெலிபோன்லயே சொல்லிட்டான், உங்க ஜாலான்ல என் லாரி வராதுன்னு. கம்பியெல்லாம் இப்பப் போலீஸ் கொட்டகை கட்டத்தான் போகுதாம். அது கழிஞ்சது."

"மத்தது?"

"நம்ம பால் தொட்டி மாதிரி. பங்களா புல்தரையில பள்ளம் எடுத்து, செங்கல் வெச்சு, சிமெண்டு பூசி, கிணத்துலேர்ந்து பம்பு போட்டு நிரப்புறது. இல்லாட்டி ஆத்தங்கரையில. பாறை கிடக்குல்ல, அந்த இடத்துல கரையை அகலமா வெட்டி, களிமண்ணு மெழுகி, கல்லு பதிச்சு, மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. வர்ற தண்ணி போயிக்கிட்டே இருக்கும். அழுக்கு தங்காது." அவன் கண்ணில் வேலைக்காரனின் ஆசை தெரிந்தது. "எனக்கு அதான் சரின்னு படுது. பால் தொட்டி தரைக்கு மேலே நிக்கிறது. அதைத் தரைக்குள்ள கட்டி எனக்குப் பழக்கமில்ல."

"எத்தனை நாளாகும்?"

"ஆத்துலயா? ரெண்டு மாசம்."

நீலாவதி அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். வாசலில் நின்றால் வேலி தெரியும். போன வருஷம்தான் தோட்டம் முழுவதிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, பங்களா மேட்டின் அடியில் ஒன்றாகக் கூட்டி, மேட்டையும் லயத்தையும் சேர்த்து எட்டடி உயர முள்வேலி போட்டிருந்தார்கள். வேலி வாசலில் போலீஸ் மாத்தாக்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து, மடியில் ஒரு பிடி அரிசி இருந்தால்கூடப் பிடித்துவிடுவார்கள், காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறான் என்று.

பால் வெட்டுக்காரர்கள் விடிந்ததும் நூறு பேராகச் சேர்ந்து, காவலோடு வெளியே போய், பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவார்கள். ஆற்றங்கரை அப்படியில்லை. அது காட்டின் விளிம்பு. அங்கே இரண்டு மாதம், பொழுது பூராவும், நாலைந்து பேர்.

நீலாவதியின் அண்ணன் சந்திரன் அந்த ஆற்றங்கரைக்கு அருகில்தான் ஏழாம் நம்பர் நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். போலீசுக்குத் தகவல் சொன்னான் என்று காட்டுக்காரர்கள் அவனை ரப்பர் மரத்தில் கட்டிச் சுட்டார்கள். அவன் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அன்று அவன் வெட்டிய மரங்களில் பால் கோப்பைகள் நிரம்பி வழிந்து கீழே உறைந்து கிடந்ததை நீலாவதி பார்த்திருக்கிறாள். அதற்கு நாலு மாதம் கழித்து நல்லசாமி பெண் கேட்டு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அவருக்கு வேலை எங்க?" ஆலையில், வேலிக்குள்ளே என்றார்கள். சரி என்றாள்.

"புல்தரையிலயே கட்டிடுங்களேன்," என்றாள் வாசலைப் பார்த்தபடியே.

நல்லசாமிக்கு அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியும். கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு மெல்லச் சொன்னான்: "கிணறு ஒண்ணுதான இருக்கு, நீலா."

*

கிணறு ஒன்றுதான். பழைய லயத்துக் கிணறுகளை மண் போட்டு மூடியாகிவிட்டது. அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் பங்களாவுக்கும் மேட்டடியில் இருந்த அந்த ஒரே கிணறு. காலையில் பம்பு ஓடி பங்களாத் தொட்டி நிறைந்த பிறகுதான் லயத்துக்கு ராட்டினம்.

அன்று மாலை வரிசையில் நீலாவதிக்கு முன்னால் மங்கம்மா நின்றாள். பிள்ளைக் கொட்டகை ஆயா. பால் வெட்டப் போகும் தாய்மார்களின் குழந்தைகளையெல்லாம் மடியில் போட்டு வளர்ப்பவள். அவள் சொன்னால் லயத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

"ஏண்டி நீலாவதி, உன் வீட்டுக்காரர் ஆத்துலதான் கட்டச் சொல்லப் போறாராமே?"

"தெரியலக்கா."

"என்ன தெரியல? சொல்லச் சொல்லு. பன்னெண்டாயிரம் கேலன் ஊத்தணுமாம் அந்தப் பள்ளத்துக்கு. பெரிய கிராணி கணக்குப் போட்டுச் சொல்றாரு. துரை பிள்ளைங்க நீந்த நாம இங்க சேத்துல முங்கணும்."

வரிசையில் சிரித்தார்கள். ஒருத்தி, "நீந்தின தண்ணியை நமக்கு விடுவாங்களா, சீமைச் சோப்பு வாசமா இருக்கும்," என்றாள். இன்னும் சிரித்தார்கள்.

மங்கம்மா சிரிக்கவில்லை. வாளியை எடுத்து நீலாவதியின் குடத்தில் முதலில் ஊற்றினாள். "நீ பங்களாவுல வேலை செய்யிறவ. உன் பேச்சும் அங்க ஏறும். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க," என்றாள்.

*

சனிக்கிழமை பங்களா வராந்தாவில் முடிவு செய்தார்கள். துரை பிரம்பு நாற்காலியில் இருந்தார். ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி அமிர்தலிங்கம் காகிதத்தோடு பக்கத்தில் நின்றார். நல்லசாமி படிக்குக் கீழே நின்றான். நீலாவதி தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்தபோது துரை தம் தோட்டத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லசாமி, நீ சொல்லு. எது நல்லா இருக்கும்?"

"ஆத்துல கட்டினா நல்லாயிருக்கும் தொரை. ஓடுற தண்ணி. கிணத்துல கை வெக்க வேணாம்."

"அங்கே காவல்?"

"நாலு மாத்தா குடுத்தா, நான் ரெண்டு மாசத்துல முடிச்சிடுவேன். அப்புறம் பிள்ளைங்க குளிக்கப் போற நேரத்துக்கு மட்டும் காவல் இருந்தாப் போதும்."

அமிர்தலிங்கம் இடையில் புகுந்தார். "செங்கல் நம்ம சூளையிலயே இருக்கு துரை. சிமெண்டும் கொஞ்சம் ஸ்டோர்ல கிடக்கு. தொட்டி கட்டினாலும் சுளுவுதான். ஆனா தண்ணிக்கு லயத்துல சத்தம் போடுவாங்க."

துரை தலையாட்டினார். ஆறு என்று சொல்லப்போகிறார் என்று நீலாவதிக்குத் தெரிந்தது. நாலு மாத்தா. அண்ணன் போன நிரையில் ஆறு மாத்தா இருந்தார்கள்.

அப்போதுதான் துரைசானி அவள் பக்கம் திரும்பி மலாயில் கேட்டாள். "நீலா, அந்த ஆற்றுத் தண்ணீர் பிள்ளைகளுக்கு நல்லதா? உங்கள் லயத்துப் பிள்ளைகள் அதில் குளித்திருக்கிறார்களா?"

அட்டை இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அட்டைக்கெல்லாம் இந்தத் துரைசானி பயப்பட மாட்டாள் என்று நீலாவதிக்குத் தெரியும்.

"ஒரு பிள்ளை குளிச்சது, மேம். மங்கம்மா மக. பஞ்சாலைன்னு பேரு. நாலு வயசு. அந்தத் தண்ணியில குளிச்சிட்டு வந்து காய்ச்சல். மூணாம் நாள் போயிடுச்சு."

துரைசானியின் கை அவள் வாய்க்குப் போனது. நல்லசாமிக்கும் மலாய் தெரியும். ஆனால் படிக்குக் கீழே நின்ற அவனுக்கு அந்தத் தணிந்த குரல் எட்டவில்லை. துரைசானி எழுந்து துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். துரை காகிதத்தை மடித்தார்.

"புல்தரையிலே கட்டு," என்றார்.

பஞ்சாலை ஆற்றில் ஒரு நாளும் இறங்கியதில்லை. கொசுக் காய்ச்சலில் போன பிள்ளை. மூன்று நாளும் அதன் நெற்றியில் ஈரத் துணி போட்டு உட்கார்ந்திருந்தது நீலாவதிதான்.

*

பள்ளம் முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம். ஒரு முனையில் மூன்றடி ஆழத்தில் தொடங்கி அடுத்த முனையில் ஆறடிக்கு இறங்கியது. நீலாவதி துணி காயப்போடும்போது தினம் அவனைப் பார்த்தாள். வெயிலில் முதுகு மின்ன, தூக்குக்குண்டை ஒரு கண்ணால் பார்த்தபடி அவன் சுவர் எழுப்பினான். அவள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் ஒரு கையில் கரண்டியோடு மறுகையில் வாங்கிக் குடித்தான். அந்த ஒன்றரை மாதமும் அவள் இரவில் நன்றாகத் தூங்கினாள். அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

ஆழமான முனையைத் தோண்டி முடித்த அன்று மட்டும் அவன் யோசனையாக வந்தான்.

"அடியில தண்ணி ஊறுது, நீலா. வெயில் காலத்துலயே ஊறுது."

"ஊறினா நல்லதுதானே. கிணத்துத் தண்ணி மிச்சம்."

"களிமண்ணை அடைச்சு மேலே பூசிடுறேன்," என்றான். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட்டில் நிரப்பினார்கள். எட்டு நாள் பம்பு ஓடியது. பால் தொட்டிக்குச் செய்வதுபோலவே நல்லசாமி சுவரில் கரியால் கோடு போட்டு, இரண்டு நாள் பார்த்து, ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை என்று காட்டினான். துரை அவன் தோளில் தட்டினார். பிள்ளைகள் குதித்துக் கூச்சல் போட்டது லயம் வரை கேட்டது. கிணற்றில் அன்று ராட்டினக் கயிற்றோடு இன்னொரு முழம் கயிறு சேர்த்துக் கட்டினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் லயம் பொறுத்திருக்கும். நின்ற தண்ணீர் பதினைந்து நாளில் பச்சையாகிவிட்டது. துரைசானி மூக்கைச் சுளித்தாள். பால் தொட்டியைத் தினம் இறைத்துத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவிப் பழகிய நல்லசாமிக்கு அதில் குழப்பமே இல்லை. இறைத்து, தேய்த்து, திரும்ப நிரப்பினான். அடுத்த பதினைந்தாம் நாளும் அதே. பச்சைத் தண்ணீர் கால்வாய் வழியாக லயத்தைத் தாண்டி, வேலிக்கு அடியில் புகுந்து வெளியே போனது. பெண்கள் குடத்தோடு நின்று அது போவதைப் பார்த்தார்கள்.

செப்டம்பரில் கிணற்றில் வாளி தரை தட்டியது. துரை ஓர் ஏற்பாடு செய்தார். தினம் மத்தியானம் ஒரு மணி நேரம், எட்டு எட்டுப் பேராக, பாஸ் வாங்கிக்கொண்டு பெண்கள் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வரலாம். இரண்டு மாத்தா கூடப் போவார்கள்.

நீலாவதிக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பங்களா வேலைக்காரி என்று அவளுக்குப் பங்களாத் தொட்டியிலிருந்தே இரண்டு குடம் உண்டு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது எதிரே மங்கம்மாவின் எட்டுப் பேர் வெறும் குடங்களோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பால்குடிப் பிள்ளைக்காரிகள் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பார்கள். மாத்தாக்காரி ஒருத்தி அவர்கள் முந்தானையை உதறிப் பார்ப்பாள்.

ஒரு நாள் நீலாவதி தன் குடத்து நீரை மங்கம்மா வீட்டுப் பானையில் ஊற்றப் போனாள். "உன்கிட்ட இருக்கட்டும்மா, நீ என்ன பண்ணுவ," என்று மங்கம்மா தடுத்தாள். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

*

அக்டோபர் முதல் வாரம் துரைசானி பிள்ளைக் கொட்டகைக்கு பிஸ்கட் கொண்டு வந்தாள். மங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில், "கெசியான், பாவம், உன் மகள்," என்றாள். "நீலா சொன்னாள். அந்த ஆறு உன் பிள்ளையைக் கொன்றதால்தான் நான் குளத்தை இங்கேயே கட்டச் சொன்னேன்."

மங்கம்மாவுக்கு ஆத்திரம் வரும் வரை பிஸ்கட் டின் அவள் கையிலேயே இருந்தது. பிறகு அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நேரே நீலாவதியின் வீட்டுக்கு வந்தாள். நல்லசாமி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"உன் பொண்டாட்டியைக் கூப்பிடு தம்பி."

நீலாவதி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"என் பிள்ளை ஆத்துல குளிச்சுச் செத்துச்சா?"

நீலாவதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுடி. நீதானே ஈரத்துணி போட்ட. நீதானே பக்கத்துல இருந்த. செத்த பிள்ளை பேரைக் கொண்டுபோய்த் துரைசானிக்கு வித்துட்டியே!"

"அக்கா, எங்கண்ணன் அங்கதான்…"

"தெரியும். உன் அண்ணனைத் தூக்கிட்டு வந்தது என் வீட்டுக்காரரு. அந்த ஆளு இன்னும் அதே நிரையிலதான் வெட்டுறாரு. உன் புருஷன் வேலிக்குள்ள இருக்கணும்னு எட்டு எட்டுப் பொம்பளைங்களைக் கைப்பிள்ளையோட வெளியே அனுப்பிட்ட." அவள் குரல் இறங்கியது. "பயந்தேன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா, நானே ஏதாச்சும் யோசனை பண்ணியிருப்பேன்லடி."

அவள் போன பிறகு நல்லசாமி கால் கழுவிய சொம்பை ஓரமாக வைத்தான்.

"நான் வேண்டாம்னு சொன்ன வேலையை என்னைச் செய்ய வெச்சிட்ட," என்றான். "இன்னொரு தடவை கேட்டிருந்தா அதையும் செஞ்சிருப்பேன். பொய் சொல்லி எதுக்கு?"

அடிக்கவில்லை, திட்டவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டான். ஆனால் அவள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்காமல், எழுந்துபோய்ப் பானையிலிருந்து தானே மொண்டு குடித்தான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அந்த வீட்டில் மற்ற பேச்செல்லாம் நடந்தது. தண்ணீர் மட்டும் அவள் கையால் இல்லை.

*

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. கிணறு நிறைந்தது. ஆற்றுக்குப் போகும் பாஸை நிறுத்திவிட்டார்கள். வெயில் திரும்பினால் மறுபடி போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

குளத்தில் இலையும் செம்மண்ணும் கலந்துவிட்டன. பத்தாம் நாள் மழை விட்டதும் வழக்கம்போல நல்லசாமி குளத்தை இறைத்தான். மட்டையால் தேய்த்துக் கழுவி, மறுநாள் நிரப்பலாம் என்று காலியாக விட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் காலை நீலாவதி துணிக்கூடையோடு புல்தரைக்குப் போனாள். ஆழமான முனையில் தரை ஆமை முதுகுபோல மேலே எழும்பி நின்றது. நடுவில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதன் வழியாகக் கலங்கல் தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் வயிறு தள்ளி உள்ளே சாய்ந்திருந்தது.

நல்லசாமி ஓடி வந்து பார்த்தான். உள்ளே இறங்கி வெடிப்பில் கை வைத்தான்.

"உள்ள இருக்கிற பாலு வெளியே தள்ளும், அதைத் தாங்கச் சுவர் கட்டத்தான் எனக்குத் தெரியும்," என்றான், யாருக்குச் சொல்கிறான் என்றே தெரியாமல். "தரைக்குள்ள வெச்சா வெளியே இருக்கிற தண்ணி உள்ளே தள்ளும்னு நினைக்கவே இல்ல. நிரம்பியிருந்த வரைக்கும் உள்தண்ணி அதை அழுத்திக்கிட்டு இருந்திருக்கு. நானே இறைச்சு விட்டுட்டேன். தொட்டின்னு நினைச்சு இறைச்சு விட்டுட்டேன்."

பதினைந்து வருஷம் ஒரு தொட்டிகூட ஒழுகாமல் கட்டியவன். சேற்றுக்கையை வேட்டியில் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். ஊறுது என்று அவன் சொன்ன அன்று, ஊறினா நல்லது என்றவள் நீலாவதிதான்.

மத்தியானம் மறுபடியும் அதே வராந்தா, அதே நாற்காலி. துரை கோபமாகத்தான் இருந்தார். ஆனால் கோபத்தைவிடச் சலிப்பு அதிகம். துரைசானியின் கப்பல் பெட்டிகள் உள்ளே திறந்து கிடந்ததை நீலாவதி காலையிலேயே பார்த்திருந்தாள்.

அமிர்தலிங்கம் சொன்னார்: "இடிச்சிட்டு, அடியில ரெட்டைக் கல்லு வெச்சு, அதே இடத்துல மறுபடி கட்டலாம் துரை. இந்தத் தடவை இறைக்காம, மேலே மேலே புதுத் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். தினம் பம்பு ஓடணும்."

"தினம் பம்பு?" என்றார் துரை. "கிணறு?"

படிக்குக் கீழே நல்லசாமி தலைகுனிந்து நின்றான். இந்த முறை ஆறு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தன் வேலை உடைந்துபோனவன் எதைச் சொல்வான்.

துரைசானி நெற்றியைத் தேய்த்தபடி, "ஆறு வேண்டவே வேண்டாம், அந்தக் குழந்தை…" என்று மலாயில் தொடங்கினாள்.

நீலாவதி தட்டை மேசையில் வைத்தாள். எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விடலாம். அவன் நாளைக்கும் இதே புல்தரையில் செங்கல் அடுக்குவான், அவள் மோர் கொண்டுவருவாள்.

"மேம், அந்தப் பிள்ளை ஆத்துத் தண்ணியில சாகல," என்றாள் மலாயில். இந்தத் தடவை படிக்குக் கீழே கேட்கும்படிச் சொன்னாள். "கொசுக் காய்ச்சல். ஆத்துல இறங்கினதே இல்ல. என் வீட்டுக்காரர் வெளியே போகக் கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். ஆத்துத் தண்ணி நல்ல தண்ணி. ரெண்டு மாசமா லயமே அதைத்தான் குடிச்சுது."

துரைசானி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளும் ஒரு தாய், ஒரு மனைவி. ஆனால் முகம் இறுகிவிட்டது. "இனி நீ பிள்ளைகளிடம் வேண்டாம். சலவைக்குப் போ," என்றாள். பிறகு துரையிடம் திரும்பினாள். அவர்கள் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார்கள்.

கடைசியில் துரை படி வரை வந்தார். "நல்லசாமி. ஆறு. ஆறு மாத்தா தருவேன். திங்கட்கிழமை ஆரம்பி."

நல்லசாமி துரையைப் பார்க்கவில்லை. நீலாவதியைப் பார்த்தான்.

*

திங்கட்கிழமை காலை வேலி வாசலில் நல்லசாமியைத் தடவிப் பார்த்தார்கள். மடியை அவிழ்த்து உதறினார்கள். வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது. விடியலில் குடித்த கஞ்சியோடு மாலை வரை. நாலு கூலிக்காரர்கள், ஆறு மாத்தா, நடுவில் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன். ஏழாம் நம்பர் நிரையின் மரங்களுக்கு நடுவே அவர்கள் சிறுத்துக்கொண்டே போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சலவைக்காரிக்குப் பங்களாத் தண்ணீர் கிடையாது. மாலை நாலு மணிக்குக் குடத்தோடு கிணற்று வரிசையில் போய் நின்றாள். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அவள் முறை வந்தபோதும் கண் வாசலிலேயே இருந்தது. கயிறு கையில் அப்படியே நின்றது.

"பார்த்துக்கிட்டே நின்னா சீக்கிரம் வந்துடுவாங்களா?" பின்னாலிருந்து மங்கம்மா. குரலில் இளக்கம் ஒன்றும் இல்லை. "மொண்டுகிட்டு நகரு. பின்னால ஆளு நிக்குது."

நீலாவதி மொண்டாள். மங்கம்மா தன் முறைக்கு வாளியை விட்டாள். ஆனால் இழுக்கும்போது அவளும் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள்.

ஐந்தரைக்கு மரங்களுக்கு நடுவே ஆட்கள் தெரிந்தார்கள். நீலாவதி எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். ஒன்பது. பிறகு கடைசியாக, வழியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டு, இரண்டு பேர். ஒருவன் தோளில் கடப்பாரை.

வாசலில் மறுபடி தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள். அவன் கையில் ஆற்றுக் கல் ஒன்று இருந்தது, தட்டையாக, வழவழவென்று. மாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

"இந்த மாதிரிக் கல்லு நிறையக் கிடக்கு," என்றான் வீட்டு வாசலில் உட்கார்ந்து. "அடியில இதைத்தான் பதிக்கணும்." முழங்கால் வரை களிமண் அப்பியிருந்தது. முகம் பசியில் வாடியிருந்தது.

சோறு எடுத்து வைக்க உள்ளே திரும்பினாள். பானை அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சொம்பும் அதன் மேலேயே கவிழ்த்திருந்தது.

"நீலா," என்றான். "தண்ணி கொண்டா."

அவள் மொண்டு வந்து நீட்டினாள். கொஞ்சம் அவன் மணிக்கட்டில் சிந்தியது. அவன் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு விடியலிலேயே எழுப்பிவிடச் சொன்னான்.